இருமினால் கசிகிறது, தும்மினால் கசிகிறது: அறுவை சிகிச்சை பற்றிப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருமும்போதும் தும்மும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் சிறுநீர் கசியும் பெண்களிடம், "சின்ன ஆபரேஷன்தான், மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். எந்த ஆபரேஷன், உள்ளே எதை வைப்பார்கள், பிரச்சினை வந்தால் வைத்ததை எடுக்க முடியுமா என்பதை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. இந்தப் பக்கம் அந்த விளக்கத்துக்காக. உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவர் சொல்வதே முதன்மையானது. அவரிடம் போகும்முன் இதை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கசிவு ஏன் வருகிறது?

சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியே கொண்டுவரும் குழாய் பெண்களுக்கு ஏறக்குறைய நான்கு செ.மீ. நீளம்தான். இடுப்புத் தளத் தசைகளும் பெண்ணுறுப்பின் முன்சுவரும் அதைக் கீழிருந்து தாங்குகின்றன. இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். கட்டாந்தரையில் கிடக்கும் ரப்பர் குழாயை மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். சேற்றில் கிடந்தால் குழாய் உள்ளே அமிழுமே தவிர அடைபடாது. உடம்புக்குள்ளும் அதே கதைதான். தாங்கும் தளம் தளர்ந்துவிட்டால் இருமலின் அழுத்தம் குழாயை மூடுவதற்குப் பதில் கீழே தள்ளிவிடுகிறது. சிலருக்குக் குழாயைச் சுற்றியுள்ள சுருக்குத்தசையே பலவீனமாக இருக்கும்.

சுகப்பிரசவங்கள், ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், மாதவிடாய் நின்றுபோவது, உடல் பருமன், தீராத இருமல், நாள்பட்ட மலச்சிக்கல் ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கும், பிள்ளையே பெறாதவர்களுக்கும்கூட வரும்.

எனக்கு இருப்பது இந்த வகைக் கசிவுதான் என்று எப்படி உறுதி செய்வது?

அறுவை சிகிச்சையின் பலன் பாதிக்குமேல் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. வாசல் பூட்டைத் திறப்பதற்குள் அடக்க முடியாமல் போய்விடுகிறது, தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே ஓட வேண்டியிருக்கிறது, இரவில் மூன்று நான்கு முறை எழுகிறேன் என்றால் அது வேறு நோய். அங்கே சிறுநீர்ப்பையின் தசை வேளைகெட்ட வேளையில் சுருங்குகிறது. அதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு. குழாயைத் தாங்கும் ஆபரேஷன் செய்தால் சிலருக்கு அந்த அவசரம் கூடிக்கூடப் போகலாம். இரண்டும் கலந்திருப்பவர்களும் நிறைய. அவர்களிடம் "எது உங்களை அதிகம் வாட்டுகிறது?" என்று கேட்டு அதற்கு முதலில் சிகிச்சை செய்வார்கள்.

இன்னொன்றையும் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கோ கடினமான பிரசவத்துக்கோ பிறகு இரவு பகலாக, இருமல் தும்மல் எதுவும் இல்லாமலே சொட்டிக்கொண்டிருந்தால், சிறுநீர்ப்பைக்கும் பெண்ணுறுப்புக்கும் இடையே ஓட்டை விழுந்திருக்கலாம். அதற்கான சிகிச்சை முற்றிலும் வேறு. அப்படி இருந்தால் தாமதிக்காமல் போங்கள்.

பரிசோதனை எளிமையானது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது இருமச் சொல்வார்கள். இருமும் அதே நொடியில் பீறிட்டு, இருமல் நின்றதும் கசிவும் நின்றால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. படுத்திருக்கும்போது தெரியாவிட்டால் நின்றபடி இருமச் சொல்வார்கள். மருத்துவமனைக்கு வந்ததும் "முதலில் பாத்ரூம் போய்விட்டு வருகிறேன்" என்று போய்விடாதீர்கள், இந்தப் பரிசோதனை வீணாகிவிடும். இதோடு சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீர் கழித்த பிறகு உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கும் ஸ்கேன், எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எவ்வளவு போனீர்கள் என்று மூன்று நாள் எழுதிவைக்கும் குறிப்பு ஆகியவை போதும்.

யூரோடைனமிக்ஸ் பரிசோதனை கட்டாயமா?

எல்லோருக்கும் வேண்டாம். சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை அது. சிக்கல் இல்லாத, இருமும்போது கண்ணால் பார்த்து உறுதி செய்யப்பட்ட கசிவில், அந்தப் பரிசோதனை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஓராண்டுக்குப் பிறகு கிடைத்த பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2012-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது (இரு தரப்பிலும் சுமார் 77 சதவீதம்). ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், அவசரக் கசிவு கலந்திருப்பவர்கள், சிறுநீர் முழுதாக வெளியேறாதவர்கள், நரம்புக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு அது தேவைப்படும்.

ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

பலருக்கு ஆகும். இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-இல் எழுதினார். இன்றும் முதல் சிகிச்சை அதுதான். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், பயிற்றுநரின் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம், நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டு முறையாவது இறுக்கச் சொல்கிறது. நம் ஊரில் நடப்பது என்னவென்றால், ஒரு துண்டுச்சீட்டில் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எந்தத் தசையை இறுக்குவது என்று தெரியாமல் வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கிவிட்டு, "செய்து பார்த்தேன், பலனில்லை" என்று திரும்பி வருகிறார்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் விரல் வைத்துப் பார்த்து, "இதுதான் சரியான தசை" என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும், மூன்று மாத உழைப்பு வீண்போகாது.

எடையைக் குறைப்பதும் உண்மையாகவே உதவும். 2009-இல் வெளியான ஆய்வொன்றில், பருமனான பெண்கள் ஆறு மாதத்தில் சராசரியாக எடையில் எட்டு சதவீதம் குறைத்தார்கள்; வாரக் கசிவுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆஸ்துமா இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் மருத்துவம் பார்ப்பதை ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போட்ட தையலின்மேல் தினமும் இருமிக்கொண்டிருப்பீர்கள். உள்ளே பொருத்திக்கொள்ளும் பெசரி வளையமும் ஒரு வழி.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் 460 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. அவர்களுக்கு இருந்தது நடுத்தரமான அல்லது கடுமையான கசிவு. முதலிலேயே ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 85 சதவீதம் பேர் ஓராண்டில் கசிவு நின்றுவிட்டது என்றார்கள். பயிற்சியில் தொடங்கியவர்களில் 53 சதவீதம். பயிற்சியில் தொடங்கியவர்களில் பாதிப்பேர் இடையிலேயே ஆபரேஷனுக்கு மாறிக்கொண்டார்கள். ஆகவே கடுமையான கசிவு உள்ளவர் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்த்துவிட்டு ஆபரேஷன் கேட்டால், அவரைச் சோம்பேறி என்று திருப்பி அனுப்புவது நியாயமில்லை.

என்னென்ன ஆபரேஷன்கள் இருக்கின்றன?

இன்று உலகம் முழுவதும் பேசப்படுபவை நான்கு: குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே செயற்கை நாடாவை வைப்பது, உங்கள் உடம்பிலிருந்தே எடுத்த சவ்வால் தாங்கல் அமைப்பது, பர்ச் முறையில் தையலிட்டு உயர்த்துவது, குழாயின் சுவரில் ஊசி மூலம் ஜெல் ஏற்றுவது. செயற்கைச் சுருக்குத்தசைக் கருவியும் உண்டு. பெண்களுக்கு அதை வைப்பது மிகவும் அரிது.

நாடா ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் உல்ம்ஸ்டன் 1990-களில் கொண்டுவந்த முறை இது. அதற்கு முன்பெல்லாம் சிறுநீர்ப்பையின் கழுத்தையே இழுத்து மேலே கட்டுவார்கள். அவர் குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே, இழுக்காமல், சும்மா ஒரு நாடாவை வைத்தால் போதும் என்றார். பாலிபுரோப்பிலீன் இழையில் வலைபோலப் பின்னிய நாடா, அகலம் ஒரு செ.மீ.க்குச் சற்றே அதிகம். குடலிறக்கத்துக்கு வைக்கிறார்களே, அந்த வலையின் அதே பொருள்தான்.

பெண்ணுறுப்பின் முன்சுவரில் சிறிதாகக் கீறி, வளைந்த இரண்டு ஊசிகளை இடுப்பெலும்பின் பின்பக்கமாகச் செலுத்தி அடிவயிற்றில் இரண்டு சிறு துளைகள் வழியே வெளியே எடுப்பார்கள். உடனே சிறுநீர்ப்பைக்குள் கேமராவை விட்டு ஊசி அதைத் துளைத்துவிட்டதா என்று பார்ப்பார்கள். துளைத்திருந்தால் ஊசியை உருவி மறுபடி செலுத்திவிட்டு, சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டரைச் சில நாள் வைத்திருப்பார்கள். அந்த ஓட்டை தானே ஆறிவிடும். பார்க்காமல் விட்டால்தான் ஆபத்து.

அடுத்து வருவதுதான் கைப்பக்குவம். நாடாவுக்கும் குழாய்க்கும் நடுவே கத்தரிக்கோலின் நுனியை இடைவெளிக்காகப் பிடித்துக்கொண்டு, நாடாவை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையை இரண்டு பக்கமும் மெல்ல உருவுவார்கள். உறை போனதும் வலையின் ஓரங்கள் திசுவைக் கவ்விக்கொள்ளும்; தையலே தேவையில்லை. அந்த நொடியில் கொஞ்சம் இறுகிவிட்டால் பிறகு சிறுநீர் வராது, கொஞ்சம் தொய்ந்துவிட்டால் கசிவு நிற்காது. உல்ம்ஸ்டன் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளியை மேசையிலேயே இரும வைத்து அளவு பார்த்தார். இப்போது முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கம் கொடுத்தோ செய்வதுதான் பரவலாக இருக்கிறது. அரை மணி நேர வேலை.

டி.வி.டி., டி.ஓ.டி. என்று இரண்டு சொல்கிறார்களே?

மேலே விவரித்தது டி.வி.டி. பிரான்சின் எமானுவேல் டெலோர்ம் 2001-இல் அறிமுகப்படுத்திய டி.ஓ.டி.யில் நாடா இடுப்பெலும்பின் பின்னால் போகாமல், பக்கவாட்டில் தொடையின் உள்மடிப்பு வழியே வெளியேறுகிறது. சிறுநீர்ப்பையைத் துளைக்கும் அபாயம் குறைவு. பதிலுக்குத் தொடை இடுக்கில் வலி, மரத்துப்போதல் அதிகம்.

597 பெண்களை வைத்து இரண்டையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2010-இல் வெளியானது. ஓராண்டில் பரிசோதனைப்படி வெற்றி டி.வி.டி.யில் 81 சதவீதம், டி.ஓ.டி.யில் 78 சதவீதம். சிறுநீர் போக முடியாமல் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது டி.வி.டி.யில் 2.7 சதவீதம் பேருக்கு, டி.ஓ.டி.யில் ஒருவருக்கும் இல்லை. நரம்பு சார்ந்த தொந்தரவு டி.ஓ.டி.யில் 9.4 சதவீதம், டி.வி.டி.யில் 4 சதவீதம். என் கருத்தில் இந்த எண்களைவிட முக்கியமானது வேறொன்று: பின்னாளில் நாடாவை எடுக்க நேர்ந்தால், தொடைக்குள் ஓடும் நாடாவை முழுதாக எடுப்பது மிகக் கடினம். பிரிட்டன் வழிகாட்டுதல் டி.ஓ.டி.யை வழக்கமாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். வயிற்றில் முன்பு பல ஆபரேஷன்கள் செய்திருப்பதுபோல் தனிக் காரணம் இருந்தால் அது வேறு.

சின்ன நாடா என்று ஒன்று சொன்னார்கள். அது நல்லதா?

உள்ளே ஒரே கீறலோடு முடிந்துவிடும் குட்டை நாடா அது. 2022-இல் வந்த பிரிட்டன் ஆய்வில் மூன்று ஆண்டு வரை அதன் பலன் வழக்கமான நாடாவுக்குச் சளைக்கவில்லை. ஆனால் உடலுறவின்போது வலி இருப்பதாகச் சொன்னவர்கள் சுமார் 12 சதவீதம். வழக்கமான நாடாவில் அது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. சின்னது என்பதாலேயே தொந்தரவும் சின்னதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

மெஷ் (செயற்கை வலை) வைத்த பெண்கள் வெளிநாடுகளில் வழக்குப் போட்டார்கள் என்று படித்தேன். பயமாக இருக்கிறது.

பயப்படுவதில் தவறில்லை. நடந்ததை ஒழுங்காகத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு விஷயங்கள் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கர்ப்பப்பை இறக்கத்துக்காகப் பெண்ணுறுப்பு வழியாக வைத்த அகலமான வலைகள் ஒன்று. கசிவுக்காக வைக்கும் ஒல்லியான நாடா மற்றொன்று. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விற்பனையை நிறுத்தச் சொன்னது முதலாவதை. கசிவு நாடா அங்கே இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

பிரிட்டனில் கதை வேறு. ஸ்காட்லாந்து 2014-இல் வலை, நாடா இரண்டையும் நிறுத்திவைக்கச் சொன்னது. இங்கிலாந்து 2018 ஜூலையில் கசிவு நாடாவையும் சேர்த்தே நிறுத்திவைத்தது. கம்பர்லெஜ் சீமாட்டி தலைமையிலான விசாரணைக் குழு 2020 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அதைப் படிக்கும்போது கோபம் வருவது நாடாவின்மேல் அல்ல. "வலிக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வந்த பெண்களிடம் "எல்லாம் உங்கள் மனசுதான்", "மாதவிடாய் நிற்கிற வயதில் இப்படித்தான் இருக்கும்" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பலரிடம் வைக்கும்போதே, அது நிரந்தரமாக இருக்கப்போகும் பொருள் என்றுகூடச் சொல்லவில்லை. யாருக்கு எந்த நாடா வைத்தார்கள் என்ற பதிவும் முறையாக இல்லை. நியூசிலாந்து 2023-இல் கசிவு நாடாவை நிறுத்திவைத்தது.

அளவும் தெரிய வேண்டும். இங்கிலாந்தில் நாடா வைத்த 95,057 பெண்களின் பதிவுகளைத் தொகுத்தபோது, ஒன்பது ஆண்டுகளுக்குள் நாடாவை முழுதாகவோ பகுதியாகவோ எடுக்க நேர்ந்தது 3.3 சதவீதம் பேருக்கு. வலியோடு, எடுக்காமல் வாழ்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நார்டிக் நாடுகளில் முதன்முதலாக டி.வி.டி. செய்துகொண்ட 90 பெண்களில் தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் 17 ஆண்டு கழித்தும் கசிவின்றி இருந்தார்கள் என்பதும் உண்மை. பெரும்பாலானோருக்கு நன்மை செய்கிற, சிலருக்கு மீள முடியாத துன்பம் தருகிற ஆபரேஷன் இது. இரண்டையும் சொல்லிவிட்டுச் செய்கிற மருத்துவரிடம் செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறவரிடம் உண்டு.

நாடா வைத்தபின் எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

பெண்ணுறுப்பில் தீராத வெள்ளைப்படுதல், இரத்தக்கசிவு, உடலுறவில் வலி, கணவருக்கு ஏதோ குத்துவதுபோல் இருப்பது ஆகியவை நாடா சுவரை அரித்து வெளியே தெரிவதன் அடையாளங்கள். அடிக்கடி சிறுநீர்த் தொற்று, சிறுநீரில் இரத்தம் என்றால் சிறுநீர்ப்பைக்குள்ளோ குழாய்க்குள்ளோ வந்திருக்கலாம். தொடை, அடிவயிற்று வலி மாதக்கணக்கில் நீடித்தாலும் காட்டுங்கள். ஐந்து வருடம் கழித்து வந்தாலும், "எனக்கு நாடா வைத்திருக்கிறார்கள்" என்று எந்த மருத்துவரிடமும் முதலில் சொல்லுங்கள்.

உள்ளே பிளாஸ்டிக் வேண்டாம். வேறு வழி?

இரண்டு இருக்கின்றன; இரண்டும் நாடாவைவிடப் பெரிய ஆபரேஷன்கள்.

முதலாவதில் உங்கள் அடிவயிற்றுத் தசையை மூடியிருக்கும் உறுதியான வெள்ளைச் சவ்விலிருந்து ஏறக்குறைய இரண்டு செ.மீ. அகலத்தில் ஒரு பட்டையை வெட்டியெடுத்து, அதையே சிறுநீர்ப்பைக் கழுத்துக்குக் கீழே தாங்கலாக வைப்பார்கள். சிலருக்குத் தொடையிலிருந்து எடுப்பதும் உண்டு. உங்கள் சொந்தத் திசு என்பதால் அரித்து வெளியே வருவது மிக அரிது. சிசேரியன் தழும்பு இருக்கும் இடத்திலேயே கீறிக்கொள்ளலாம். ஆனால் வயிற்றில் காயம், சில நாள் மருத்துவமனைவாசம், பிறகு சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் வாய்ப்பு ஆகியவை கூடுதல். நாடா தோற்றுப்போனவர்களுக்கும், சுருக்குத்தசை மிகவும் பலவீனமானவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பார்கள்.

இரண்டாவது, அமெரிக்க மருத்துவர் ஜான் பர்ச் 1961-இல் எழுதிய முறை. சிறுநீர்ப்பைக் கழுத்தின் இருபக்கமும் உள்ள பெண்ணுறுப்புத் திசுவைத் தையல்களால் இடுப்பெலும்பின் தசைநாரோடு சேர்த்துத் தூக்கிக் கட்டுவது. வயிற்றைக் கீறியும் செய்யலாம், சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். பல ஆண்டுகளுக்குப் பிறகு பெண்ணுறுப்பின் பின்சுவர் இறங்கும் வாய்ப்பு இதில் கொஞ்சம் கூடுகிறது.

655 பெண்களை வைத்து இவை இரண்டையும் ஒப்பிட்டு 2007-இல் வந்த ஆய்வில், இரண்டாண்டு முடிவில் இருமல் தும்மல் கசிவு நின்றவர்கள் சவ்வுத் தாங்கலில் 66 சதவீதம், பர்ச்சில் 49 சதவீதம். சிறுநீர்த் தொற்றும், போகச் சிரமமும் சவ்வுத் தாங்கலில்தான் அதிகம். எதை வெற்றி என்று எண்ணுவது என்பதில் அந்த ஆய்வின் கணக்கு மிகக் கறாரானது. எந்த மருத்துவமனை விளம்பரத்திலும் இவ்வளவு குறைந்த எண்களைப் பார்க்க மாட்டீர்கள்.

நாடா வந்தபின் இளம் மருத்துவர்கள் பலர் இவ்விரண்டையும் கற்றுக்கொள்ளவில்லை. எனவே "எனக்கு மெஷ் வேண்டாம்" என்றால் "வேறு வழியே இல்லை" என்று பதில் வரக்கூடும். அதற்கு "நான் அதைச் செய்வதில்லை" என்றே பொருள். செய்கிறவரைத் தேடுங்கள்.

ஊசி மருந்து ஏற்றினால் போதும் என்கிறார்களே?

கேமரா வழியாகப் பார்த்தபடி குழாயின் சுவரில் மூன்று நான்கு இடங்களில் ஜெல்லை ஏற்றி, உள்வழியைக் குறுக்குவார்கள். இப்போது பேசப்படுவது பாலிஅக்ரிலமைடு ஜெல். பல்காமிட் என்ற பெயரில் வருகிறது, அமெரிக்காவில் 2020-இல் அனுமதி பெற்றது. மயக்க மருந்து தாங்காத முதியவர்கள், பெரிய ஆபரேஷன் வேண்டாம் என்பவர்கள், நாடா வைத்தும் கொஞ்சம் கசிபவர்கள் ஆகியோருக்கு நல்ல வழி. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பின்லாந்தில் டி.வி.டி.யோடு ஒப்பிட்டபோது ஓராண்டில் நல்ல திருப்தி சொன்னவர்கள் நாடாவில் 95 சதவீதம், ஜெல்லில் 60 சதவீதம். சிலருக்கு மறுபடி ஏற்ற வேண்டிவரும்.

லேசர்?

பணத்தை மிச்சப்படுத்துங்கள். கசிவுக்கென்று பெண்ணுறுப்புக்குள் லேசர் செலுத்தும் கருவிகளை விளம்பரப்படுத்துவது பற்றி எஃப்.டி.ஏ. 2018-இல் எச்சரித்தது, தீக்காயமும் தழும்பும் ஏற்பட்ட புகார்கள் வந்திருந்தன.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் கசிவு நின்றுவிடுமா?

நிற்காது. கசிவுக்காக மட்டும் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நம் ஊரில் நாற்பது வயது கடந்த பெண்களின் எல்லாத் தொல்லைகளுக்கும் கர்ப்பப்பையைப் பழிசொல்லும் வழக்கம் எப்படியோ வேரூன்றிவிட்டது.

கர்ப்பப்பை இறங்கியிருப்பதால் அதை எடுக்கிறார்கள் என்றால் அது வேறு. அப்போது "கசிவுக்கும் சேர்த்து இரண்டு தையல் போட்டுவிடுகிறேன்" என்பார்கள். அமெரிக்க மருத்துவர் ஹாவர்ட் கெல்லி நூறு ஆண்டுக்கு முன் எழுதிய தையல் அது. இறங்கிய சிறுநீர்ப்பைக்கு அது பயன்படும். கசிவை நிறுத்துவதில் நாளடைவில் தோற்றுவிடுகிறது என்பதால் கசிவுக்கென அதைப் பரிந்துரைப்பதில்லை. வேறொன்றும் நடக்கலாம்: இறக்கம் குழாயை மடக்கி வைத்திருப்பதால் இதுவரை மறைந்திருந்த கசிவு, இறக்கத்தைச் சரிசெய்ததும் புதிதாகத் தலைகாட்டும். ஆபரேஷனுக்கு முன்பே இறங்கியதை உள்ளே தள்ளிப் பிடித்து இருமச் சொல்லிப் பார்த்தால் இதை ஓரளவு முன்கூட்டியே அறியலாம். பார்த்தார்களா என்று கேளுங்கள்.

எனக்கு 32 வயது. இன்னொரு குழந்தை வேண்டும். இப்போதே செய்துகொள்ளலாமா?

தள்ளிப்போடுவது நல்லது. அடுத்த கர்ப்பமும் பிரசவமும் ஆபரேஷனின் பலனைக் கெடுத்துவிடலாம். அதுவரை பயிற்சி, பெசரி. பிரசவமாகி ஓராண்டுக்குள் தானாகவே குறைந்துவிடுகிறவர்களும் உண்டு.

சர்க்கரை நோய் இருக்கிறது, வயது 68. செய்யலாமா?

வயது தடையில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காயம் ஆறத் தாமதமாகும், தொற்று வரும். நீண்ட நாள் சர்க்கரையால் சிறுநீர்ப்பை நரம்புகள் பலவீனப்பட்டு முழுதாகக் காலியாகாமலும் இருக்கலாம். ஸ்கேனில் அதை முதலில் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்று நாளாகி உட்சுவர் மெலிந்திருந்தால் சில வாரம் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தடவச் சொல்வார்கள்.

ஆபரேஷன் முடிந்தபின் எப்படி இருக்கும்?

நாடா என்றால் அன்றோ மறுநாளோ வீடு. அனுப்பும்முன் நீங்களாகச் சிறுநீர் கழிக்கிறீர்களா, உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். வராவிட்டால் கதீட்டரோடு சில நாள் இருக்க வேண்டிவரும். பெரும்பாலும் வீக்கம் வடிந்ததும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் நாடாவைத் தளர்த்தவோ வெட்டிவிடவோ செய்வார்கள். சவ்வுத் தாங்கலிலும் பர்ச்சிலும் எல்லாமே கொஞ்சம் நீளும்.

பெண்கள் சிக்கிக்கொள்வது வீட்டுக்குப் போன பிறகுதான். மறுநாளே நடக்கிறார், வலியில்லை, ஆகவே மூன்றாம் நாள் தண்ணீர்க் குடம், ஈரத் துணி வாளி, கிரைண்டர் கல். நான்கு முதல் ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது, குழந்தையையும்தான். உடலுறவுக்கு ஆறு வாரம் இடைவெளி. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்குவது இருமலுக்குச் சமம். டிஸ்சார்ஜ் செய்யும்போது இதை உங்களிடம் சொல்வதைவிட வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் சாக்கு என்பார்கள், டாக்டர் சொன்னால் கேட்பார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவசரமாக ஓட வேண்டியிருக்கிறதே?

இருமல் கசிவு நின்று, புதிதாக அவசரம் தொடங்குவது சிலருக்கு நேர்கிறது. சில வாரத்தில் அடங்கலாம். அடங்காவிட்டால் தொற்று இருக்கிறதா, நாடா இறுகியிருக்கிறதா, நாடா சிறுநீர்ப்பைக்குள் தெரிகிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை கொடுக்க வேண்டும்.

கசிவு திரும்பி வந்தால் மறுபடி செய்ய முடியுமா?

முடியும். ஆனால் முதல் ஆபரேஷன்தான் நல்ல வாய்ப்பு. இரண்டாவதன் பலன் பொதுவாகக் குறைவு. அப்போது யூரோடைனமிக்ஸ் செய்து, ஏன் தோற்றது என்று தெரிந்தபின் தொடங்க வேண்டும்.

எந்த மருத்துவரிடம் போவது? என்ன கேட்பது?

மகப்பேறு மருத்துவர்களும் சிறுநீரக அறுவை மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள். பட்டத்தைவிட எவ்வளவு அடிக்கடி செய்கிறார் என்பது முக்கியம். ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், எனக்கு ஏன் இந்த முறை, உள்ளே நிரந்தரமாக ஏதாவது வைக்கிறீர்களா, நாளை அதை எடுக்க வேண்டிவந்தால் நீங்களே எடுப்பீர்களா, ஆபரேஷன் முடியும்முன் கேமராவில் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் எரிச்சல்படுகிறவரை விட்டுவிடலாம், அவசரமே இல்லாத ஆபரேஷன் இது. ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவரைக் கேட்டு வாங்குவதும் உங்கள் உரிமை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், உங்களுக்குச் சொல்லப்பட்ட முறை திட்டத்தில் வருகிறதா, நாடாவின் விலை தொகுப்பில் அடங்குமா, தனியாக வாங்கித் தரச் சொல்வார்களா என்று சேரும்முன்பே கேட்டுவிடுங்கள்.

நாடா வைத்தால், அதன் பெட்டியில் நிறுவனத்தின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றை உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஆபரேஷன் குறிப்பின் நகலையும் வாங்கி, குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள்.